ஹின்டர்காரின் மேல் நிற்கும் பனி

1984-ஆம் வருடம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கோகல் மலையிலிருந்து புறப்பட்ட பனிச்சரிவு ஹின்டர்கார் ஊரின் கோவில் கூரைக்கு மேலே பாதி வழியில் வந்து நின்றது. இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதே வாரம் பால் விலை லிட்டருக்குப் பத்து குரோஷன் இறங்கியது. ஊரில் பால் விலையைப் பற்றித்தான் அதிகம் புலம்பினார்கள். பனியைப் பற்றி வாயைத் திறக்கவே எல்லோருக்கும் பயமாக இருந்தது, பேச்சுச் சத்தத்துக்கே அது இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று.

நடந்தது இதுதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் பழைய ஊர்த்தலைவர் இறந்துபோனார். அந்த நாற்காலியில் உட்கார ஆண்கள் ஒருவருக்கும் மனமில்லை. உட்கார்ந்தால் பனிக்காலத்தில் ஊரைக் காலி செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டாலும் திட்டு, போடாவிட்டாலும் திட்டு. கடைசியில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த பூர்கி பிரான்டலின் தலையில் கட்டினார்கள். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவள் புருஷன் கசியான் கோவில் மணியடிப்பவன், பாலாடைக்கட்டி செய்பவன், பெரிய கைகளும் சிறிய பேச்சும் உள்ளவன். பதவியேற்கிறவர் மாவட்ட அதிகாரியின் கையில் தன் கையை வைத்துத்தான் உறுதி சொல்ல வேண்டும், அது அந்த நாட்டு வழக்கம். பாதை திறந்திருந்த ஒரு சிறிய இடைவெளியில் அதிகாரி மேலே ஏறி வந்தார். அந்த உயரத்துக்கு வந்துவிட்டால் யாருக்கும் 'நீங்கள்' கிடையாது. பாதிரியாரானாலும் அதிகாரியானாலும் 'நீ'தான். அவரும் அதைப் பழகியிருந்தார்.

பள்ளிக்கூட அறையில் பூர்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரின் நலத்தை என்னால் இயன்ற மட்டும் என்று பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது, முதலில் எல்லோருக்கும் காது அடைத்தது, பிறகு ஜன்னல்கள் இருண்டன. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஊர்ச்சபை ஆண்கள் பெஞ்சுக்கு அடியில் பாய்ந்தார்கள். அதிகாரி கையை உருவப் பார்த்தார். பூர்கி விடவில்லை. வீரத்தால் அல்ல, பயத்தில் விரல்கள் பூட்டிக்கொண்டுவிட்டன. கசியான் அந்நேரம் மணிக்கூண்டில் இருந்தான், சரிவு வரும் வழிக்கு நேர் கீழே. அவளுக்கு அது ஒன்றுதான் நினைவில் இருந்தது. கத்தவும் வரவில்லை, வாயில் மிச்சமிருந்தது உறுதிமொழியின் மறுபாதி மட்டும்தான், அதைச் சொல்லி முடித்தாள். "காப்பேன்." சத்தம் நின்றது.

வெளியே வந்து பார்த்தார்கள். வானம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியில் பனி சுவராக எழும்பி, கோவிலை நோக்கிச் சாய்ந்து, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் வேரோடு வந்த மரங்கள் செருகியிருந்தன. மேல்மேட்டிலிருந்த ஒரு வைக்கோல் குடிசை முழுசாக அதில் தொங்கியது. அதன் கதவு மட்டும் காற்றில் மெதுவாகக் கிரீச்சிட்டு ஆடிக்கொண்டிருந்தது. கசியான் மணிக்கூண்டிலிருந்து இறங்கி வந்தான், தலைமயிரில் வெள்ளைத் தூளோடு.

"சொல்லி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"அப்ப கையை விடு. அந்த மனுஷன் வெளுத்துப் போயிட்டான், பாரு."

அதிகாரி கீழே போய் அறிக்கை எழுதினார். பதவியேற்பு முறைப்படி நடந்தது, வானிலை பனி. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வேறு எப்படி எழுதுவது.

ஏப்ரல் வந்தது, மே வந்தது, பனி உருகவில்லை. இன்ஸ்ப்ரூக்கிலிருந்து நிபுணர்கள் வந்து அளந்தார்கள், இப்படி நிற்க வாய்ப்பே இல்லை என்று சொன்னார்கள், செரஃபினின் விடுதியில் பன்றி இறைச்சி உருண்டை சாப்பிட்டுவிட்டு அவசரமாகக் கிளம்பினார்கள். சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போனார்கள். மிச்சப்பேர் மாட்டையும் கல்லறைகளையும் விட்டுவிட்டு எங்கே போவது என்று இருந்துவிட்டார்கள். கோவில் மணியின் நாக்கைக் கசியான் தோலால் சுற்றினான். அதற்குப் பிறகு அது மணி போல ஒலிக்கவில்லை, யாரோ கதவைத் தட்டுவது போல ஒலித்தது. கல்யாணத்துக்கு வெடி போடுவதை விட்டார்கள். ஊர் வாத்தியக் குழுவில் முரசு அடிப்பவன் கோலை ஓங்குவான், தோலில் படவிட மாட்டான். குழந்தை சிணுங்கத் தொடங்கும்போதே தாய்மார்கள் பால் கொடுத்து வாயை அடைத்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் நல்ல புஷ்டியாக இருந்தார்கள், ஆனால் ஒருவருக்கும் உரக்கச் சிரிக்கத் தெரியவில்லை. வெயில் தாமதமாக வந்ததால் உருளைக்கிழங்கு நெல்லிக்காய் அளவுக்குத்தான் விளைந்தது.

பூர்கிக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் வலது கை தானாக இறுகிக்கொள்ளும். கசியான் தன் கையை அவள் பக்கமாக விரித்து வைத்துவிட்டுத் தூங்குவான். அவள் இரவெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், காலையில் அவன் விரல்கள் கன்றிப்போயிருக்கும்.

பதவி ஒரு நாள் முடியும் என்பது முதல் தேர்தலின்போதுதான் ஊருக்கு உறைத்தது. பழைய பதவிக்காலம் முடிந்து புதிய பதவியேற்புக்கு அதிகாரி வந்து சேர்வதற்குள் ஒரு நாள் இடைவெளி விழுந்தது, அந்த ஒரு நாளில் பனி ஒரு முழம் இறங்கிப் பள்ளிக்கூடத்தின் புகைபோக்கியைத் தின்றது. அவர் வந்து அவள் கையைப் பிடித்த நொடியில் நின்றது. அதற்குப் பிறகு எந்த விதி என்ன சொன்னாலும் அதிகாரியை முந்தின நாளே கூட்டிக்கொண்டு வந்து விடுதியில் தங்க வைத்துவிடுவார்கள். தேர்தல் என்றால் எதிர்த்து நிற்க ஒருவராவது வேண்டுமே என்று செரஃபின் மட்டும் ஒவ்வொரு முறையும் நிற்பான். நிற்பானே தவிர, அவனும் பூர்கிக்குத்தான் ஓட்டுப் போடுவான். தொண்ணூற்றிரண்டில் செரஃபினுக்கு ஒரு ஓட்டு விழுந்துவிட்டது. ஊரே நடுங்கியது. செரஃபினின் மனைவி அவனைச் சமையலறையில் நிற்க வைத்து விசாரித்தாள். "மாதா மேல சத்தியமா நான் போடலடி," என்று அவன் அழாத குறையாகக் கிசுகிசுத்தான். ஒரு மாதம் வரை அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் போட்டேன்," என்று பூர்கி கசியானிடம் சொன்னாள், வாற்கோதுமைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே.

"எதுக்கு?"

"தூங்கணும் கசியான். ஒரே ஒரு ராத்திரி."

கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மிச்சத்தை அவன் கிளறினான்.

ஒவ்வொரு குளிர்காலமும் மேலே புதுப்பனி ஏறியது. பாரம் கூடக்கூடச் சுவர் முனக ஆரம்பித்தது. குடிசைக் கதவு காற்றில்லாத நாளிலும் ஆடியது. ஊர்த்தலைவர் பதவிக்கு இவ்வளவு பாரம் தாங்காது என்று ஊரில் பேச்சு வந்தது. மாடு பெருத்தால் முளையையும் பெரிசாகத்தானே அடிப்பார்கள், அந்தக் கணக்குத்தான். எல்லா ஓட்டும் வாங்குகிற ஒரு பெண் மலை மேல் இருப்பதாகக் கட்சிக்காரர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள், கனிந்த பழத்தைப் பறிக்கிற சந்தோஷத்தோடு மேலே வந்தார்கள். மாகாண சபைத் தேர்தலுக்கு ஹின்டர்கார்க்காரர்கள் பள்ளத்தாக்கு முழுக்க வீடுவீடாக இறங்கினார்கள். கொள்கை ஒன்றும் பேசவில்லை. "இவளுக்குப் போடலன்னா எங்க ஊரு உங்க ஊரு தலையிலதான் வந்து விழும். எங்களுக்கென்ன, நாங்க முதல்லயே போய்ச் சேர்ந்திருவோம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவள் இன்ஸ்ப்ரூக்கில் சபைத்தலைவரின் கையைப் பிடித்து உறுதி சொன்ன அதே நொடியில் பனி ஒரு வீட்டு உயரம் பின்வாங்கி மேலே ஏறியது. செரஃபின் விடுதித் தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டு, "பூர்கி, ஏறிடுச்சு," என்று மூச்சுக்காற்றில் சொன்னான். அன்று கோவிலில் வெயில் விழுந்தது. ஊருக்கு வழி கிடைத்துவிட்டது: பாரம் கூடினால் பதவியும் கூட வேண்டும்.

அப்படித்தான் அவள் ஏறினாள். சபை உறுப்பினர், குழுத்தலைவர், பிறகு சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் மாகாண அமைச்சர். பதவி வெறி பிடித்தவள் என்று பத்திரிகைகள் எழுதின. காய்ச்சலிலும் விடுப்பு எடுக்காதவள், எந்தக் கூட்டத்துக்கும் பிந்தாதவள், சமரசம் கேட்டால் உடனே தருகிறவள், தோற்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதவள். பேச்சின் நடுவே நிறுத்தி மேற்கூரையை ஒரு கணம் பார்ப்பாள். உதவியாளர்களுக்கு அது பழகிப்போயிற்று. உள்ளுக்குள் அவள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. கசியானை முதலில் ஞாயிறுதோறும் பார்த்தாள், பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. அவன் அவளுடைய நகரத்து வீட்டுக்கு ஒரு முறை வந்தான், படுக்கையைத் தொட்டுப் பார்த்தான், மணி அடிக்க வேண்டும் என்று மாலை வண்டிக்கே திரும்பிவிட்டான். மணியை வேறு யாரும் அடிக்கலாம். ஆனால் பனிக்கு நேர் கீழே யாரை நிற்கச் சொல்வது.

2009-இல் குளிர்காலம் மோசமாக இருந்தது. பனியின் நுனி மறுபடி கோவில் சிலுவைக்கு வந்துவிட்டது. கட்சி அவளை ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நிற்கச் சொன்னது. ஊர் கூடிப் பேசியது.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து பிடிச்சா நிக்குமா?" என்று பூர்கி கேட்டாள்.

"இதுக்கு மேல பதவியே இல்ல, பூர்கி. இதுலயும் நிக்கலன்னா எதுல நிக்கும்?" என்றான் செரஃபின். அவனுக்கு அப்போது மயிரெல்லாம் கொட்டிவிட்டது, ஆனாலும் அவன்தான் எதிர்க்கட்சி.

கசியான் மட்டும், "நான் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதன்னும் சொல்ல மாட்டேன்," என்றான். அது அவனைப் பொறுத்தவரை நீளமான பேச்சு.

ஜெயித்தாள். ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதால் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அமைச்சர் பதவி முடிந்தது. அன்றே முற்பகலில் ஸ்ட்ராஸ்பூர்கில் புதிய சபை கூடியது. நடுவில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஊர் மொத்தமும் மாடு கன்றோடு கீழ் மேய்ச்சல் மேட்டுக்கு இறங்கி நின்றது. கசியான் மட்டும் மேலே இருந்தான். யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே.

பெரிய வட்டமான அரங்கு, காதில் மாட்டிக்கொண்டால் இருபது பாஷை கேட்கும். பூர்கி மலைநாட்டுக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, வலது உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தாள். யாரோ பேசினார்கள், இசை வாசித்தார்கள், எதற்கோ ஓட்டெடுப்பு நடந்தது. பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து இருக்கையில் வியன்னாக்காரர் ஒருவர், மூன்றாவது முறையாக வந்திருப்பவர்.

"எப்பங்க கை குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"உறுதிமொழிக்கு."

"அதெல்லாம் இங்க கிடையாதும்மா. வந்த அன்னிக்கு ஒரு தாள்ல கையெழுத்து போட்டீங்கல்ல? அதோட சரி. ரிலாக்ஸா இருங்க."

இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கட்சிக்காரர்கள் தொகுதி சொன்னார்கள், குழு சொன்னார்கள், இருக்கை எண் சொன்னார்கள். பதவி பெரிசாகப் பெரிசாகக் கையையும் பெரிய கை ஒன்று பிடிக்கும் என்று ஊரே நம்பிவிட்டது. அப்போது சட்டைப்பையில் தொலைபேசி நடுங்கியது.

"பூர்கி. அது வருது," என்றான் கசியான். "வேகமா இல்ல. மாடு நடக்கற மாதிரி வருது."

அரங்கை விட்டு வெளியே ஓடினாள். தாழ்வாரத்தில் எதிரே வந்த முதல் மனிதரிடம் கையை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே குலுக்கி, தன் பெயரைச் சொன்னார். "இல்ல, விடாதீங்க, நான் சொல்லி முடிக்கணும்," என்று அவள் சொல்வதற்குள் அடுத்தவர் வந்து கை கொடுத்தார். முதல் நாள் அல்லவா, அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேவகர், செயலாளர், போர்த்துகீசியர், ஃபின்லாந்துக்காரர், எல்லாம் உலர்ந்த, மரியாதையான, சட்டென்று விட்டுவிடுகிற கைகள். பூர்கி ஒவ்வொரு கையையும் பிடித்து அவசரமாக முணுமுணுத்தாள். காதில் கசியான், "இல்ல... இல்ல, நிக்கல," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். "கோவில் கூரைல விளிம்பு போச்சு. நான் இறங்கிட்டேன். கல்லறைச் சுவர்கிட்ட இருக்கேன்."

"ஓடு கசியான்."

"எங்க ஓடறது? கீழ் மேட்டுல எல்லாரும் நிக்கறாங்க. இருபத்தஞ்சு வருஷத்துப் பனி இது, ஊரோட நிக்காது. அவங்க வரைக்கும் போகும்."

பூர்கி காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் சுவரில் சாய்ந்துவிட்டாள். "என் கையைப் பிடிக்க இங்க யாருமே இல்ல, கசியான்," என்றாள்.

அந்தப் பக்கம் பனி அரைபடுகிற சத்தம் கேட்டது.

"நீ சொல்லு," என்றான் அவன். "நான் கை வைக்கறேன்."

எண்பத்து நான்கில் சொன்ன அதே வாசகத்தைச் சொன்னாள். ஊரின் நலத்தை என்னால் இயன்ற மட்டும். பாதியில் குரல் உடைந்தது, திரும்ப எடுத்துச் சொன்னாள், உரக்க. இருபத்தைந்து வருடத்தில் அவள் உரக்கப் பேசியது அதுவே முதல் தடவை. தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மலையில் கசியான் தன் வலது உள்ளங்கையை விரித்து, வந்துகொண்டிருந்த வெள்ளைச் சுவரின் மேல் வைத்தான், முரட்டு மாட்டின் நெற்றியில் வைப்பது போல.

தொலைபேசியில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, வெகு மெதுவாக, அந்த வைக்கோல் குடிசையின் கதவு ஆடும் சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. கையை எடுத்தா நகருது, எடுத்துப் பார்த்துட்டேன்."

"வலிக்குதா?"

"குளிருது. நீ ஏதாவது சாப்பிட்டியா?"

மறுநாள் அவள் வந்து சேர்ந்தபோது, கல்லறைச் சுவரோரம் கசியான் முக்காலியில் உட்கார்ந்திருந்தான், தோளில் இரண்டு கம்பளி, வலது கை பனியில். செரஃபின் அவனுக்கு உருண்டை சூப்பைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தான். பூர்கி பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "விடு, நான் பிடிக்கறேன்," என்றாள்.

"நீ பிடிச்சது போதும்," என்றான் கசியான். "போய்த் தூங்கு."

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்க் காலணியைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்தபோது பனியில் இருந்தது செரஃபினின் கை. "இருபது வருஷமா இவகிட்ட தோத்துக்கிட்டே இருக்கேன், இதையாவது நான் பிடிக்கறேன், தள்ளுன்னு கசியான்கிட்ட சொன்னேன்," என்றான் அவன். அவனும் அந்த வாசகத்தைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தான், பனி அவனுக்கும் நின்றது. ஊரில் யார் சொல்லி வைத்தாலும் நின்றது. இதை முதலிலேயே யாராவது முயன்று பார்த்திருக்கலாம். ஆனால் பயந்தவர்கள் கையை நீட்டிப் பார்ப்பதில்லை, வேறு யாரையாவது முன்னால் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். ஊர்ப் பொலிகாளையை ஆளுக்கு ஒரு வாரமாக வீடு மாற்றி வீடு வளர்த்த பழைய வழக்கம் ஒன்று இருந்தது. அதே வரிசையில் முறை வைத்துக்கொண்டார்கள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயப்படுவதற்கும் முறை வந்தது, மற்ற நேரங்களில் வேலையைப் பார்த்தார்கள்.

பூர்கி ஐந்து வருடம் ஐரோப்பாவில் பால் விலையைப் பற்றிப் பேசினாள், நன்றாகவே பேசினாள், கூரையைப் பார்க்காமல் பேசினாள். வாரக்கடைசியில் வந்து தன் முறைக்கு உட்கார்ந்தாள். திங்கட்கிழமைகளில் அவளிடம் கை கொடுத்தவர்கள் அதன் குளிர்ச்சியில் ஒரு கணம் திடுக்கிட்டார்கள். அடுத்த தேர்தலில் தோற்றாள். ஹின்டர்காரிலேயே பாதிப்பேர் வேறு கட்சிக்குப் போட்டிருந்தார்கள். செரஃபின் தனக்கு வேண்டியவனுக்குப் போட்டுவிட்டு அதை அவளிடமே வந்து சொன்னான். அவள் சிரித்தாள், விடுதி ஜன்னல் அதிரும்படி சிரித்தாள். எல்லோரும் சட்டென்று மேலே பார்த்தார்கள். பனி அசையவில்லை.

கசியான் போன குளிர்காலத்தில் படுக்கையில் தூக்கத்தில் இறந்தான், நெஞ்சுச்சளி. மணியின் தோலை அவிழ்த்துவிட்டு அடித்தார்கள். கல்லறைச் சுவரோரம் அவன் முதன்முதலில் கை வைத்த இடத்தில் பனி ஒரு உள்ளங்கை அளவு குழிந்திருக்கிறது, ஐந்து விரலும் தெரியும். எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். அது பெரிய கை. பூர்கியின் கை அதற்குள் தளர்வாகத்தான் கிடக்கும், சுற்றிலும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். சனிக்கிழமை அவளுடைய முறை.